பார்னி ஹில் அந்த வயலில் பார்த்தது என்ன?

நிலாக்காலம்

“வேற்றுக்கிரகவாசிகள் தன்னைக் கடத்திக்கொண்டு போனார்கள் என்று யார் சொன்னாலும் அது பேர் வாங்கத்தான்” என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பலரும் அதை ஆமோதித்திருந்தார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. பெட்டி ஹில், பார்னி ஹில் தம்பதியின் கதையை முழுசாகப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1961 செப்டம்பர் 19 இரவு. நயாகராவையும் மான்ட்ரியலையும் பார்த்துவிட்டு இருவரும் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் போர்ட்ஸ்மத்தில் இருக்கும் வீட்டுக்குக் காரில் திரும்புகிறார்கள். கூடவே அவர்களுடைய நாய் டெல்ஸி. கோல்புரூக்கில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மணி பத்து ஐந்து. லங்காஸ்டரைத் தாண்டியதும் நிலாவுக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சம் பெட்டியின் கண்ணில் படுகிறது. அது நகர்கிறது, காரோடு கூடவே வருகிறது. அங்கங்கே நிறுத்திப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டே போகிறார்கள். இண்டியன் ஹெட் என்ற இடத்துக்குப் பக்கத்தில் அது தாழ இறங்கி நிற்கிறது. பார்னி கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் நடக்கிறார். பைனாகுலரில் வரிசையாகச் சன்னல்கள் தெரிகின்றன, சன்னல்களுக்குப் பின்னால் உருவங்கள். பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று கத்திக்கொண்டே ஓடிவந்து காரைக் கிளப்புகிறார். காரின் பின்பக்கம் ‘பீப் பீப்’ என்று ஒலி. அதே ஒலி மறுபடி கேட்கும்போது பல மைல் தெற்கே வந்துவிட்டிருக்கிறார்கள். இடையில் நடந்தது சரியாக நினைவில்லை. வீடு வந்து சேரும்போது விடிந்துவிட்டது. வழக்கமாக ஆகும் நேரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கூடுதல்.

பார்னி தபால் துறை ஊழியர். பெட்டி குழந்தைகள் நலப் பணியில் இருந்தவர். இருவரும் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பில் இருந்தவர்கள், ஊரில் மரியாதைக்குரியவர்கள். பக்கத்திலிருந்த பீஸ் விமானப்படைத் தளத்துக்குத் தகவல் சொன்னார்கள். பத்திரிகைக்காரர்களைத் தேடிப் போகவில்லை. நாலு வருஷம் கழித்து, 1965 அக்டோபரில், பாஸ்டன் டிராவலர் நாளிதழ் எப்படியோ விஷயத்தைப் பிடித்து அவர்களைக் கேட்காமலேயே முதல் பக்கத்தில் போட்டது. பேர் வாங்க நினைக்கிறவர்கள் நாலு வருஷம் பத்திரிகைப் பக்கமே போகாமல் இருப்பார்களா?

துலாக்கோல்

நண்பரே, போன வாரம் அந்த வரியை ஆமோதித்தவர்களில் நானும் ஒருவன். அது தப்பு. ஹில் தம்பதி பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை, இந்த வழக்கை நன்றாகத் தோண்டிப் பார்த்த அவநம்பிக்கையாளர்களும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் ஒருவர் மனசறிந்து பொய் சொல்லவில்லை என்றால் அவர் சொன்னது நடந்தே இருக்க வேண்டும் என்று நீங்கள் அடுத்த படிக்குத் தாவும் இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

நிகழ்ச்சிகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். செப்டம்பர் 21 அன்று விமானப்படைக்குச் சொன்னபோது வெளிச்சம், பறந்த பொருள் இவ்வளவுதான் பேச்சு. கடத்தல் இல்லை. அடுத்த சில நாட்களில் பெட்டி நூலகத்திலிருந்து பறக்கும் தட்டுகளைப் பற்றி டொனால்டு கீஹோ எழுதிய புத்தகத்தை எடுத்துப் படிக்கிறார். சம்பவம் நடந்து பத்து நாள் போல ஆனதும் அவருக்குக் கனவுகள் வரத் தொடங்குகின்றன. அடுத்தடுத்து ஐந்து இரவுகள். குள்ளமான ஆட்கள் வழிமறிக்கிறார்கள், கலத்துக்குள் கூட்டிப்போய் உடம்பைப் பரிசோதிக்கிறார்கள், தொப்புளில் ஊசி ஏற்றுகிறார்கள். இதையெல்லாம் அவரே நவம்பரில் எழுதி வைத்தார். அதே நவம்பர் 25 அன்று வீட்டுக்கு வந்து விசாரித்த பறக்கும் தட்டு ஆய்வாளர்கள்தான், “இவ்வளவு தூரம் வர ஏன் இவ்வளவு நேரம் பிடித்தது?” என்று கேட்டார்கள். காணாமல் போன இரண்டு மணி நேரம் என்பது பேச்சுக்கு வந்ததே அப்போதுதான், சம்பவம் நடந்து இரண்டு மாதம் கழித்து.

பாஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமனிடம் அவர்கள் ஹிப்னாடிசத்துக்குப் போனது 1964 ஜனவரியில். அதற்குள் கனவு வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே வெளிவந்த கடத்தல் கதையும் கனவில் வந்த கதையும் பெரும்பாலும் ஒன்றுதான்.

வித்தியாசப்பட்ட ஒரு இடம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பெட்டி கனவில் பார்த்ததாக எழுதியவர்களுக்குக் கறுத்த தலைமுடி, நீளமான பெரிய மூக்கு. இன்றைக்குப் பொம்மைக் கடையில் விற்கிறார்களே, மொட்டைத் தலையும் பக்கவாட்டில் வளைந்து போகும் கண்களுமாக ஒரு முகம், அது அந்தக் கனவில் இல்லை. அந்தக் கண்கள் பிறகு பார்னியின் ஹிப்னாடிச அமர்வுகளில்தான் வருகின்றன.

நிலாக்காலம்

தேதிகளை ஒத்துக்கொள்கிறேன், நீங்கள் விட்டதை நான் சேர்க்கிறேன். டாக்டர் சைமன் அனுபவசாலி. போரில் மனம் உடைந்த வீரர்களுக்கு ஹிப்னாடிசத்தால் சிகிச்சை கொடுத்தவர். அவர் பெட்டியையும் பார்னியையும் தனித்தனியாக உட்கார வைத்தார். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும், சொன்னது எதுவும் விழித்தபின் நினைவில் இருக்கக் கூடாது என்று கட்டளை கொடுத்துத்தான் எழுப்பினார். இருவரும் வீட்டில் பேசி ஒப்பிட்டுக்கொள்ள வழியே வைக்கவில்லை. அப்படியும் கதை ஒத்துப்போனது. இதற்கு என்ன பதில்?

இன்னொன்று, ஒலிப்பதிவு. பார்னி அந்த வயலுக்கு மறுபடி போகும் இடத்தில் அலறுகிறாரே, அதை நான் இரவில் ஹெட்போனில் கேட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன். பெரிய ஆள் ஒருவர் குழந்தை மாதிரி அழுகிறார். மனைவியின் கனவைக் கேட்டு மனசில் போட்டுக்கொண்டதற்கு யாராவது அப்படி அழுவார்களா?

மனநல மாணவி

இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நான் உளவியல் முதுகலை படிக்கிறேன், நினைவாற்றல்தான் என் பாடம்.

ஹார்வர்டில் ரிச்சர்ட் மெக்நல்லியும் அவருடைய குழுவினரும் 2004இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தங்களை வேற்றுக்கிரகவாசிகள் கடத்தியதாக நம்பும் 10 பேரைக் கூப்பிட்டு, அவரவர் சொன்ன அனுபவத்தையே பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். அப்போது இதயத் துடிப்பு, உள்ளங்கை வியர்வை, முகத்தசை மூன்றையும் அளந்தார்கள். போரில் அடிபட்டு மன அதிர்ச்சியோடு வாழும் முன்னாள் வீரர்களிடம் முந்தைய ஆய்வுகளில் எந்த அளவு உடல் எதிர்வினை தெரிந்ததோ, அதற்குக் குறையாமல் இவர்களிடமும் தெரிந்தது. அதாவது உடம்பு நம்பிக்கைக்குத்தான் நடுங்குகிறது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று அது விசாரிப்பதில்லை. பார்னியின் அலறல் நூற்றுக்கு நூறு உண்மையான பயம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதைக் கண்ட பயம் என்று அந்த ஒலிநாடா சொல்லாது.

ஹிப்னாடிசம் பூட்டிய அலமாரியைத் திறந்து பழைய நினைவை அப்படியே எடுத்துத் தரும் என்று 1960களில் படித்தவர்களே நம்பினார்கள். 1985இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிவியல் குழு இதை ஆராய்ந்தது. ஹிப்னாடிசத்தில் மீட்ட நினைவுகளில் கற்பனை கலக்கிறது, சாதாரணமாக நினைவுகூர்வதைவிட அவை நம்பகமானவை ஆகிவிடுவதில்லை என்று அறிக்கை கொடுத்தது. இதில் ஆபத்து என்னவென்றால் தகவல் சரியோ தப்போ, அதன் மேல் அந்த ஆளுக்கு உறுதி ஏறிவிடுகிறது. அப்புறம் எத்தனை குறுக்கு விசாரணை செய்தாலும் அசையமாட்டார்.

நிலாக்காலம், டாக்டர் சைமனை உங்கள் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்த அமர்வுகளை நடத்திய அவரே என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? இருவரும் நேர்மையானவர்கள், ஆனால் கடத்தல் நடந்ததல்ல. பெட்டியின் கனவுகள்தான் பார்னியின் மனதுக்குள் போயிருக்கின்றன என்று அவர் கருதினார். 1964இல் போட்ட மறதிக் கட்டளை 1961இல் கேட்டதை எப்படி அழிக்கும்? விசாரிக்க வந்தவர்களிடம் பெட்டி கனவுகளைச் சொன்னபோது பார்னியும் பக்கத்தில் இருந்தவர்தானே. அதோடு, கலத்துக்குள் நடந்ததைப் பார்னி சொல்வது கொஞ்சம்தான். பெரும்பகுதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார்.

கூடல்வாசி

எங்கள் பாட்டி இதை அமுக்குவான் பேய் என்பார். நடு ராத்திரியில் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும், கைகால் அசையாது, அறையில் உருவம் தெரியும். எனக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது. தூக்க முடக்கம் என்கிறார்கள். கடத்தல் கதைகள் எல்லாமே இதுதான் என்று எங்கோ படித்தேனே?

மனநல மாணவி

பல கதைகளுக்கு அது பொருந்தும், மெக்நல்லியின் ஆய்வுக்கு வந்தவர்களில் பலரும் அதை அனுபவித்தவர்கள். ஆனால் ஹில் தம்பதிக்கு அதைப் பொருத்தாதீர்கள். இவர்கள் படுக்கையில் இல்லை. ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார், இன்னொருவர் கையில் பைனாகுலர்.

விண்மீன் பித்தன்

வானத்தைப் பற்றிய பேச்சையே காணோம், அதனால் நான் வருகிறேன். அன்று வளர்பிறை நிலா, முக்கால் வட்டத்துக்கு மேல். அதன் பக்கத்திலேயே வியாழனும் சனியும் இருந்தன. நம் ஊரில் 1962 பிப்ரவரியில் அஷ்டகிரகச் சேர்க்கை, உலகம் அழியப்போகிறது என்று ஹோமம் வளர்த்தார்களே, அதில் மகர ராசியில் கூடிய கிரகங்களில் இந்த இரண்டும் உண்டு. சில மாதங்களுக்கு முன்பே அவை நெருங்கி நின்றன.

ராபர்ட் ஷேஃபர் என்ற ஆய்வாளர் சொன்னது எளிமையான கணக்கு. நிலாவுக்குக் கீழே ஒரு நட்சத்திரம், அதைவிடப் பெரிய பிரகாசமாக இன்னொன்று என்று பெட்டி சொன்னது இரண்டு ஒளிப்புள்ளிகளை. அங்கே பறக்கும் கலமும் இருந்திருந்தால் வியாழன், சனி, கலம் என்று மூன்றாக இருந்திருக்க வேண்டும். மூன்றாவதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

நட்சத்திர வரைபடத்தையும் சொல்லிவிடுகிறேன். கலத்தின் தலைவன் காட்டிய வரைபடம் என்று பெட்டி 1964இல் ஒரு படம் வரைந்தார். மார்ஜரி ஃபிஷ் என்ற பள்ளி ஆசிரியை அதை எடுத்துக்கொண்டு, மணிகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டு, சூரியனைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களுக்கு முப்பரிமாண மாதிரி செய்தார். எத்தனை இரவுகள் உட்கார்ந்திருப்பார் அந்த அம்மா! அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதைதான். 39 ஒளியாண்டு தூரத்திலுள்ள ஸீட்டா ரெட்டிகுலி என்ற இரட்டை நட்சத்திரத்திலிருந்து பார்த்தால் பெட்டியின் படம் பொருந்துகிறது என்றார். 1974 டிசம்பர் ‘அஸ்ட்ரானமி’ இதழில் இது வெளிவந்து பெரிய சர்ச்சையானது. வானியலாளர்கள் கார்ல் சேகனும் ஸ்டீவன் சோட்டரும் அந்த இரண்டு படங்களிலும் புள்ளிகளை இணைக்கும் கோடுகளை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கோடு போனதும் ஒற்றுமையும் போய்விட்டது. எந்த நட்சத்திரத்தைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது என்று எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுத்தால் எதையும் எதோடும் பொருத்தலாம். பின்னாளில் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் தூரங்களைத் துல்லியமாக அளந்தபோது, அந்த மாதிரியில் அருகில் இருந்ததாக வைத்த சில நட்சத்திரங்கள் வெகு தொலைவில் இருப்பது தெரிந்தது.

நிலாக்காலம்

வரைபடத்தை விட்டுவிடுகிறேன். அது போனதில் எனக்கு வருத்தம் உண்டு, சின்ன வயசில் இந்தக் கதைக்குள் என்னை இழுத்ததே அந்தப் படம்தான். ஆனாலும் போனது போனதுதான்.

வியாழன் கதையை மட்டும் ஏற்கமாட்டேன். வியாழன் சாலைக்கு மேலே இறங்கி நிற்காது. வியாழனுக்குச் சன்னல் கிடையாது. பெட்டியின் உடை கிழிந்திருந்தது, அதன் மேல் இளஞ்சிவப்புத் தூள் படிந்திருந்தது. பார்னியின் ஷூ முனைகள் தேய்ந்திருந்தன. பைனாகுலரின் வார் அறுந்திருந்தது. கார் டிக்கியின் மேல் பளபளப்பான வட்டங்கள், திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் சுற்றியது. அன்று அதிகாலை 2:14க்குப் பீஸ் தளத்தின் ராடாரில் அடையாளம் தெரியாத ஒன்று பதிவானது, இது விமானப்படையின் அறிக்கையிலேயே இருக்கிறது.

துலாக்கோல்

ராடார் இருந்த தளம் போர்ட்ஸ்மத் பக்கத்தில். இவர்கள் அந்த நேரத்தில் மலைப்பகுதியிலோ அதற்குத் தெற்கே வழியிலோ எங்கோ இருந்தார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக அந்த அறிக்கை சொல்லவில்லை, அதைப் பிறகு சேர்த்து முடிந்தவர்கள் நாம். கார் இரும்பு. எந்தக் காரின் பக்கத்தில் கொண்டுபோனாலும் திசைகாட்டி முள் அலையும், உங்கள் காரிலேயே முயன்று பாருங்கள். உடை இன்றும் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உடை கிழிந்தது என்பதுவரை அது சாட்சி சொல்லும். யார் கிழித்தார்கள் என்று சொல்லாது.

கலத்துக்குள் நடந்ததாகச் சொல்லும் பேச்சில் எனக்கு இடிக்கும் இடம் வேறு. தலைவனுக்கு வருஷம் என்றால் என்ன, வயதாவது என்றால் என்ன என்று புரியவில்லை, பெட்டி விளக்கிப் பார்க்கிறார். அதே தலைவன் அவரிடம் ‘ஒரு நிமிஷம் இரு’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறான். பார்னிக்குப் பல்செட் கழன்று வந்தது, பெட்டிக்கு ஏன் வரவில்லை என்று ஆச்சரியப்படுகிறார்கள். ஆதாரமாக இருக்கட்டும் என்று பெட்டி ஒரு புத்தகம் கேட்கிறார், முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் பிடுங்கிக்கொள்கிறார்கள். கனவு கண்டவர்களுக்குத் தெரியும், கனவில் கையில் கிடைத்த பொருள் வாசல் வரைக்கும் வராது.

கண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றி வளைந்த கண்கள் என்று பார்னி ஹிப்னாடிசத்தில் சொன்னது 1964 பிப்ரவரி 22. அதே மாதம் 10ஆம் தேதி ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் அதேபோன்ற கண்களோடு ஒரு வேற்றுக்கிரகவாசி வந்ததை மார்ட்டின் காட்மையர் என்ற எழுத்தாளர் 1990இல் எடுத்துக்காட்டினார். அந்தத் தொடரையே பார்த்ததில்லை என்று பெட்டி மறுத்தார். அதனால் இதை நான் முடிந்த முடிவாக வைக்கவில்லை. 12 நாள் இடைவெளி கண்ணில் படாமல் போகவும் இல்லை.

வடகிழக்குப் பயணி

நான் வேலை நிமித்தம் நியூ ஹாம்ப்ஷயரில் எட்டு வருஷமாக இருக்கிறேன். இந்தத் திரியைப் படித்ததும் போன சனிக்கிழமை லிங்கனில் இண்டியன் ஹெட் பக்கம் இருக்கும் அந்தப் பலகையை மறுபடி போய்ப் பார்த்தேன். 2011இல் மாநில அரசே வைத்த பச்சைப் பலகை. அங்கே நின்று படம் எடுத்துக்கொண்ட ஒருவர், “பாருங்க, கவர்ன்மென்ட்டே ஒத்துக்கிட்டாச்சு” என்றார். ஒத்துக்கொண்டதெல்லாம் இல்லை. அமெரிக்காவில் பரவலாகப் பேசப்பட்ட முதல் கடத்தல் புகார் இது என்றுதான் அதில் எழுதியிருக்கிறது.

சாலையைப் பற்றிச் சொல்கிறேன், அங்கே இரவில் ஓட்டாதவர்களுக்கு இது புரியாது. லங்காஸ்டர், ட்வின் மவுண்டன், பிராங்கோனியா கணவாய் என்று வரும்போது சாலை வளைந்துகொண்டே இருக்கும். மலைகள் இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் போகும், மரங்கள் திடீரென்று மறைக்கும், திடீரென்று விலகும். நிலா உங்களுக்கு முன்னால் ஓடும், பக்கவாட்டில் வரும், மலைக்குப் பின்னால் போய் வேறு இடத்தில் எட்டிப்பார்க்கும். நான் முதல் வருஷம் தனியாக ஓட்டியபோது பின்னால் யாரோ லைட் அடித்துக்கொண்டு வருகிறார்கள் என்று இரண்டு தடவை ஓரம் கட்டினேன். நிலாதான். இத்தனைக்கும் இன்று கணவாய்க்குள் நல்ல பெரிய சாலை. அன்று அது இல்லை, விளக்கு இல்லை, வேறு வண்டிகளும் அதிகம் இல்லை.

கேனன் மலை உச்சியில் ஒரு பார்வைக் கோபுரம் உண்டு. ஜேம்ஸ் மெக்டொனால்டு என்ற எழுத்தாளர் இந்த வழியில் ஓட்டிப் பார்த்து, பெட்டி வழிநெடுகச் சொன்ன இடங்களில் தெரிவதும் மறைவதும் அந்தக் கோபுரத்து விளக்குதான் என்று 2007இல் எழுதினார். மனித முகம் போலத் தெரிந்து பேர்போன பாறை, பார்னி வண்டியை ஓட்டிக்கொண்டு கடந்துபோன அதே பாறை, அங்கேதான் இருந்தது. 2003 மே மாதம் சரிந்து விழுந்துவிட்டது, இப்போது வெறும் மலை. நான் அதை நேரில் பார்த்ததே இல்லை என்பது ஒரு குறை.

நேரக் கணக்கும் அப்படித்தான். நின்று நின்று பார்த்துக்கொண்டு, ஊர்ந்து ஓட்டி, பயத்தில் பக்கச் சாலையில் திரும்பி, களைத்துப்போய் வந்தவர்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கரிசல்மண்

இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள், பார்னி யார் என்பதை ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள். பார்னி கறுப்பர். பெட்டி வெள்ளைக்காரர். 1961இல் இப்படி ஒரு தம்பதி இரவு நேரத்தில் ஆளில்லாத மலைச்சாலையில் போகிறார்கள். இந்தக் கலப்பு மணத்துக்கு அவர்கள் மாநிலத்தில் தடை இல்லைதான், ஆனால் 1967இல் உச்ச நீதிமன்றம் லவ்விங் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை 16 மாநிலங்களில் அது குற்றம். எந்த விடுதியில் இடம் கொடுப்பார்கள், எந்த உணவகத்தில் முறைப்பார்கள் என்ற கவலை அந்தப் பயணம் முழுக்க அவரோடு இருந்ததை ஹிப்னாடிச அமர்வில் அவரே சொல்கிறார்.

அந்தக் கலத்தின் சன்னலில் அவர் முதலில் கண்டதாகச் சொன்னது யாரை? செம்பட்டை முடி ஐரிஷ்காரர் ஒருவரை. ஐரிஷ்காரர்களுக்குப் பொதுவாகக் கறுப்பர்களைப் பிடிக்காது, இவர் சிநேகமாகத்தான் தெரிகிறார் என்று யோசிக்கிறார். அடுத்தவன் முகம் நாஜி போல இருந்தது என்கிறார். பின்னால் வெளிச்சம் அடித்துக்கொண்டு ஒரு வண்டி வந்தால் கறுப்பர் ஒருவருக்கு அந்தக் காலத்தில் என்னென்ன நினைவு வரும்? ‘நம்மைப் பிடிக்கப் போகிறார்கள்’ என்ற பயத்துக்கு வானத்திலிருந்து யாரும் வரத் தேவையில்லை. பூமியிலேயே ஆட்கள் இருந்தார்கள்.

நிலாக்காலம்

கரிசல்மண், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். உண்மைதான், நான் அதைக் கடந்து போனது தப்பு. ஆனால் இதைக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். ஒரு வெள்ளைக்காரர் வயலில் ஒரு கலத்தைப் பார்த்தேன் என்றால் அவர் கண்ணைப் பற்றிப் பேசுவோம், தூரம், வெளிச்சம் என்று விவாதிப்போம். கறுப்பர் சொன்னால் உடனே அவருடைய மனக்காயத்தைப் பற்றிப் பேசுவதா? பெட்டி இந்த விளக்கத்தை ஏற்கவே இல்லை. இரண்டு பேரில் பறக்கும் தட்டு என்று நம்ப மறுத்துக்கொண்டே வந்தவர் பார்னிதான். விமானமாக இருக்கும், செயற்கைக்கோளாக இருக்கும் என்று கடைசிவரை மனைவியிடம் வாதாடியிருக்கிறார். அப்படிப்பட்ட மனிதர் ஏன் துப்பாக்கியோடு இறங்கி இருட்டுக்குள் நடந்தார்?

கரிசல்மண்

அவருடைய கண்ணை நான் குறை சொல்லவில்லை. அன்று அந்தச் சாலையில் பயப்படுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது, அதை எழுதாமல் இந்த வழக்கைப் பேசினால் பாதி ஆளை வைத்துப் பேசுகிறோம் என்பதுதான் என் வாதம். பயந்துகொண்டே இறங்கி நடந்தாரே, அதில் அவருடைய தைரியமும் தெரிகிறது.

துலாக்கோல்

பெட்டி பிற்காலத்தில் ஏகப்பட்ட பறக்கும் தட்டுகளைப் பார்த்ததாகச் சொன்னதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவரோடு கூடப்போன ஒருவர், தெருவிளக்கையும் தரையிறங்கிய கலத்தையும் அவரால் பிரித்தறிய முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்.

நிலாக்காலம்

இதை நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம். பார்னி 1969 பிப்ரவரியில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு 46 வயதில் இறந்துபோனார். பெட்டி 2004 வரை, 85 வயது வரை, அந்த ஒரு இரவைத் தனியாகச் சுமந்துகொண்டு வாழ்ந்தார். வயதான காலத்தில் அவர் எதைப் பார்த்து எதை நினைத்தார் என்பதை வைத்து 1961ஐ எடைபோட முடியாது. 1961ஐ 1961இல் எழுதிய தாளை வைத்து எடைபோடுவோம். அப்படி ஒரு தாள் இருக்கிறது.

செப்டம்பர் 26 அன்று பெட்டி கீஹோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். சம்பவம் நடந்து ஒரே வாரம். உங்கள் கணக்குப்படியே கனவுகள் இன்னும் தொடங்கவில்லை. ஹிப்னாடிசம் எங்கோ இருக்கிறது, நேரம் எங்கே போனது என்று கேட்டவர்கள் இன்னும் வீட்டுக்கே வரவில்லை. அந்தக் கடிதத்தில் சன்னலுக்குப் பின்னால் உருவங்கள் பரபரவென்று இயங்கியதைக் கணவர் கண்டதாக எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியம், தன்னை அப்படிக் கலங்கடித்தது எது என்று பார்னியால் நினைவுகூரவே முடியவில்லை, முயன்றால் பயந்துவிடுகிறார், அந்த இடத்தில் அவர் மனது இருண்டுபோயிருக்கிறது, ஹிப்னாடிசம் தெரிந்த மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறார்.

துலாக்கோல், நினைவில் விழுந்த ஓட்டை இரண்டு மாதம் கழித்து விசாரணைக்காரர்கள் வந்தபின்தான் பேச்சுக்கு வந்தது என்று சொன்னீர்கள். இந்தக் கடிதத்தை எங்கே வைப்பீர்கள்?

துலாக்கோல்

உங்கள் கடிதம் என் முதல் பதிவில் ஒரு தப்பைக் காட்டிவிட்டது. தொலைந்த மணி நேரத்தைக் கணக்குப் போட்டது நவம்பரில், அது சரி. நினைவில் இருந்த ஓட்டை செப்டம்பரிலேயே எழுத்தில் இருக்கிறது. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தேன்.

சிலதை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கடிதம் எழுதும்போது அவர் கீஹோவின் புத்தகத்தைப் படித்துவிட்டார், அதனால்தான் அவருக்கே எழுதுகிறார். அந்தக் கடிதத்தில் ஓட்டை இருக்கிறதே தவிர கடத்தல் இல்லை. ஓட்டையை நிரப்பியது எது என்ற கேள்விக்கு என் பதில் அப்படியே நிற்கிறது. அந்த ஓட்டை எப்படி விழுந்தது என்பதற்கு என்னிடம் திருப்தியான பதில் இல்லை.

மனநல மாணவி

கடும் பயத்தில் அப்படி விழலாம். ஒரே ஒரு விஷயத்தின் மேல் கவனம் முழுவதும் குவிந்து, மற்றது பதிவாகாமலே போவது உண்டு. பதிவாகாத ஒன்றை எந்த ஹிப்னாடிசமும் மீட்க முடியாது. டாக்டர் சைமனிடம் அவர்கள் போனதே பதற்றமும் வயிற்றுப் புண்ணும் தூக்கமின்மையுமாகப் பார்னி அவதிப்பட்டதால்தான். சிகிச்சையில் அவருக்குப் பதற்றம் குறைந்தது. மருத்துவராக அவர் தேடியதும் அந்தக் குணத்தைத்தான்.

நிலாக்காலம்

சரி, என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். கலத்துக்குள் நடந்த பரிசோதனை, ஊசி, தலைவன், வரைபடம் இவையெல்லாம் கனவிலிருந்து வந்தவை என்று இப்போது எனக்கே தோன்றுகிறது. இந்தத் திரியைத் தொடங்கும்போது அப்படித் தோன்றவில்லை. வயலை மட்டும் விடமாட்டேன். வியாழனையோ கோபுர விளக்கையோ பார்த்து ஒரு மனிதர் பைனாகுலரைக் கழுத்திலிருந்து வார் அறும்படி இழுப்பாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வடகிழக்குப் பயணி

அவர்கள் வந்த ரூட் 3 சாலையின் பழைய துண்டு இண்டியன் ஹெட் பக்கம் இன்னும் இருக்கிறது. பனி விலகட்டும், ஒரு வளர்பிறை இரவில் கோல்புரூக்கில் சாப்பிட்டுவிட்டு அதே பத்து ஐந்துக்குக் கிளம்புகிறேன். மனைவி கையில் பைனாகுலர். எந்த வளைவில் எந்த விளக்கு எந்தப் பக்கம் தெரிகிறது, எங்கே மறைகிறது, எத்தனை மணிக்கு எங்கே இருந்தோம் என்று அவள் குறித்துக்கொண்டே வருவாள். அந்த வயல் பக்கம் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டு இறங்கி நடந்து பார்க்கிறேன். மைல் கணக்கோடு இங்கேயே எழுதுகிறேன்.